தொடக்கத்தின் மாப்பிள்ளை

முத்தலங்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தெரு உண்டு, அதற்கு யூதத்தெரு என்று பெயர். எந்தக் காலத்திலோ மிளகு வாங்க வந்தவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இருந்தார்கள். பாதிப்பேர் இஸ்ரேலுக்குக் கப்பலேறிப் போனபிறகும், மரச்சீனிக் கிழங்கும் சாளைமீனும் கிடைக்காத ஊரில் போய் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே மீதிப்பேர் தங்கிவிட்டார்கள். அந்தத் தெருவில்தான் ஒரு ஐப்பசி மாதம், ஐஸ் பாக்டரியில் வேலை பார்த்த எப்ராயீமின் வீட்டுக்கு வேதம் நடந்து வந்தது.

அவர்களுடைய வேதத்துக்குத் தோரா என்று பெயர். தோல்சுருளில் கையால் எழுதி, வெள்ளித்தகடு போர்த்த பெட்டிக்குள் நிற்கவைத்து, தலைக்கு மணி கட்டிய கிரீடம் சூட்டியிருப்பார்கள். வாரம் ஒரு பங்காக வருஷம் முழுக்க ஜெபாலயத்தில் அதை வாசித்து வந்து, கடைசி வரியை முடித்த கையோடு, ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல், முதல் வரியை மறுபடி தொடங்கிவிட வேண்டும். முடிந்துபோய்விட்டோம் என்று வேதத்துக்கு ஒரு கணமும் தோன்றிவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அந்த நாளுக்குச் சிம்ஹத் தோரா என்று பெயர். அன்றைக்கு ஜெபாலயத்துச் சுவரலமாரியான பேழையில் இருக்கிற சுருள்களையெல்லாம் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, ஆண்கள் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் ஜெபாலயத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், பெண்கள் மாடியில் மரக்கிராதிக்குப் பின்னால் நின்று அச்சப்பமும் மல்லிகைப்பூவும் எறிவார்கள். கடைசிப் பங்கை வாசிக்கிறவருக்குத் தோராவின் மாப்பிள்ளை என்று பட்டம். முதல் பங்கை வேறொரு சுருளிலிருந்து வாசிப்பார்கள், சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருக்கிற நேரம் மிச்சம். அதை வாசிக்கிறவர் தொடக்கத்தின் மாப்பிள்ளை. இரண்டு பட்டமும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் என்பது அந்தத் தெருவின் பழைய வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் தொடக்கத்தின் மாப்பிள்ளை யார் என்பதில் சாசூனுக்கும் அவருடைய மைத்துனர் ரூபனுக்கும் சண்டை. போன தடவை நீ தொண்டை கட்டிப்போய் வாசித்தாய், உன்னைவிட எங்கள் வீட்டுக் காக்கை நன்றாக வாசிக்கும் என்று ரூபன் சொல்ல, பதிலுக்கு ரூபனின் காலமாகிப்போன மாமனாரை, அதாவது தன் சொந்த அப்பாவையே, சாசூன் இழுத்துப் பேசிவிட்டார். மூட்டுவலியோடு நின்றுகொண்டிருந்த எலியாகு மூப்பர் எரிச்சலில் யாரையும் பார்க்காமல் கையை நீட்டி, நீ வாடா என்று கூப்பிட்டார். கை போன இடத்தில் எப்ராயீம் நின்றுகொண்டிருந்தான்.

மாடியில் கைப்பிள்ளையோடு நின்ற அவன் அக்கா மல்காவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அம்மா போய்ச் சேர்ந்தபிறகு தம்பியை ஒரு நிலைக்குக் கொண்டுவர அவள் பட்டபாடு தெருவுக்கே தெரியும். பெண்கள் எதிரில் வந்தால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், காப்பி கொண்டுவந்த பெண்ணைப் பார்த்துப் பயத்தில் எழுந்து வணக்கம் வைத்துவிட்டு வந்த வரலாறும் உண்டு. அப்படிப்பட்டவனுக்கு மேலக்கூடலாற்றில் சிப்போராள் என்று ஒரு பெண்ணைப் பிடித்து, அவள் அப்பா ஷப்தாயைப் பேசிப் பேசியே களைக்க வைத்து, அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கல்யாணம் என்று வாக்கு வாங்கியிருந்தாள் மல்கா. அந்தத் தெருவில் பெண்ணுக்குத் தாலி கட்டுவது மாப்பிள்ளையின் அக்காதான். தாலியைப் பாலில் கழுவி அரிசிப்பானைக்குள் வைத்துவிட்டு அவள் காத்திருந்தாள். இப்போது தம்பி, இருக்கிற சுருள்களிலேயே மூத்ததும் கனத்ததுமான சுருளின் முன்னால் நின்று, உலகம் உண்டான கதையைத் திக்காமல் வாசித்து முடித்ததைப் பார்த்தபோது, கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை ஆகிவிட்டான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். அதை அப்படிச் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு நினைத்தாள்.

திருவிழா முடிந்து சுருள்களையெல்லாம் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் இடியாப்பக் கூடையோடு தெருவுக்குள் வந்த பாத்துமுத்து, மல்காவின் கதவைத் தட்டி, எப்போதும் போல முதலில் விலையைச் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னாள்.

"உன் தம்பி வீட்டு வாசல்ல உங்க வேதம் வந்து நிக்கி. பாவம், எவ்வளவு நேரமா நிக்கோ. அவனை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொல்லு தாயி."

அந்தத் தெருவின் வீடுகள் எல்லாமே ஓர் அறையும் அடுக்களையும் உள்ளவை, அக்கா வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் ஒரே சுவர். மல்கா எட்டிப் பார்த்தாள். தரைக்கு ஒரு சாண் உயரத்தில், கிரீடத்தில் மல்லிகைச்சரம் வாடாமல், முதல்முறை புகுந்தவீட்டுக்கு வந்தவள் போல ஒதுங்கி நின்றது தோரா. வாயில் பற்பசை நுரையோடு கதவைத் திறந்த எப்ராயீம், பெண்பிள்ளை என்று நினைத்தானோ என்னவோ, வழக்கம்போல நாக்கு ஒட்டி, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு விலகி நின்றான். அது மணி குலுங்க உள்ளே போய், வாசலையும் அடுக்களையையும் அவன் கட்டிலையும் ஒரே பார்வையில் பார்க்க வசதியான மூலையைத் தேர்ந்தெடுத்து நின்றுகொண்டது.

மூப்பர் ஆட்களோடு வந்து பாட்டுப் பாடி மரியாதையாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பேழைக்குள் வைத்தார். மறுநாள் காலையில் அது மறுபடி எப்ராயீமின் வாசலில் நின்றது. மறுபடி தூக்கிக்கொண்டு போனார்கள், மறுபடி வந்தது. சுருளின் கனமும் மூப்பரின் மூட்டும் ஒத்துப்போகாததால், சில நாளில் தெரு இந்த ஏற்பாட்டுக்குப் பழகிக்கொண்டது. பட்டம் கொடுத்தது நாம்தானே, கொடுத்துவிட்டு இல்லை என்றால் எப்படி என்று சாசூன் சொன்னார், அவர் சொன்னதை ரூபன் ஒப்புக்கொண்டதுதான் அந்த வாரத்தின் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. புதுப்பெண் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு மீனவத் தெருவிலிருந்து பெண்கள் பூவும் பழமுமாகப் பார்க்க வந்தார்கள், பார்த்துவிட்டு நல்ல லட்சணம், உயரம்தான் கொஞ்சம் கம்மி என்று சொல்லிப் போனார்கள். ஐஸ் பாக்டரியில் கூட வேலை பார்க்கிறவர்கள் விருந்து எப்போது என்று எப்ராயீமைப் பிய்த்தெடுத்தார்கள். தோரா வீட்டுக்கு வந்துவிட்டதால் பத்து ஆண்கள் கூடிச் செய்கிற சனிக்கிழமை ஜெபமும் அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. ஆண்கள் கவிழ்த்துப்போட்ட ஐஸ் பெட்டிகளில் உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள், பின்பக்கம் சில்லிட்டுப்போய் ஜெபத்தை வேகமாக முடித்தார்கள். சனிக்கிழமை அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், அத்தனைபேருக்கும் வெள்ளிக்கிழமையே ஆக்கிவைக்கிற வேலை மல்காவின் தலையில் விழுந்தது. வேதம் பார்க்கிற இடத்தில் பிள்ளையின் மூத்திரத்துணியைக் காயப்போடக் கூடாது என்று மூப்பர் சொல்லிவிட்டதால் கொடியையும் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோனாள்.

இவ்வளவையும் மல்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். சிப்போராளின் அப்பா ஷப்தாய் குடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோதுதான் அவள் கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

ஷப்தாய் மூலையில் நின்ற தோராவை முத்தமிட்டு, மரியாதையாக இரண்டு எட்டுப் பின்வாங்கி, வெளியே வந்து உட்கார்ந்து, தன் மகளை இரண்டாந்தாரமாகக் கொடுக்கத் தனக்கு உத்தேசம் இல்லை என்றார். இது அந்த மாதிரி இல்லை மாமா என்று மல்கா எவ்வளவோ சொன்னாள். அப்போது ரூபனோடு வந்து உட்கார்ந்திருந்த மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், கூரையைப் பார்த்து ஒரு சட்டத்தைச் சொன்னார். தோரா இருக்கிற அறையில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து படுக்கக் கூடாது. இங்கே இருப்பதோ ஓர் அறை. எப்ராயீமின் காதுகள் சிவந்துகொண்டே போயின.

அப்படியென்றால் விவாகரத்துச் சீட்டு எழுதி அனுப்பிவிடலாமே என்றார் ரூபன். மூப்பர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "மடையா, தோராவுக்கு விவாகரத்து எழுதணும்னா, எப்படி எழுதணும்னு அந்தத் தோராவைப் பார்த்துல்லா எழுதணும்?"

நடுவில் ஒரு தட்டி கட்டிப் பார்ப்போம் என்று எப்ராயீம் மூங்கில் தட்டி வாங்கி வந்து அறையை இரண்டாக்கினான். கட்டி முடித்துவிட்டுத் திரும்பினால் தோரா கட்டில் இருக்கிற பக்கம் நின்றது. தட்டியை நகர்த்தினான், அதுவும் நகர்ந்தது. தட்டியை அக்காவிடமே கொடுத்துவிட்டான், அவள் அதைக் கோழிக்கூட்டுக்கு வைத்துக்கொண்டாள். கல்யாணத் தேதிவரைக்கும் தவணை, அதற்குள் இதற்கொரு வழி செய்யாவிட்டால் மகளுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு ஷப்தாய் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு மல்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோராவின் முன்னால் போய் நின்று, நாத்தனார் முறையில் நாலு வார்த்தை கேட்டாள். இந்த வீட்டில் பெண்ணுக்குத் தாலி கட்டுவது நான், நான் கட்டாமல் யாரும் மருமகளாக முடியாது, நான் கட்டப்போவதும் இல்லை, உன் வயசு என்ன அவன் வயசு என்ன, ஊர் சிரிக்கிறது என்றாள். கிரீடத்து மணிகள் மெல்லக் குலுங்கின. அது சிரிக்கிறதா கோபப்படுகிறதா என்று மல்காவுக்குப் பிடிபடவில்லை. வேதத்தோடு சண்டை போட்ட பயத்தில் வீட்டுக்கு வந்து அரைச்சொம்பு தண்ணீர் குடித்தாள்.

இதற்கிடையே தெருவில் ஒரு பேச்சு உண்டாயிற்று, வந்தவள் சரியான சந்தேகப்பிராணி என்று. எப்ராயீம் பீடியைப் பற்றவைத்தால் உள்ளே மணி அடிக்கும், அணைக்கிறவரை நிற்காது. தட்டில் சோறு மிச்சம் வைத்தால் அடிக்கும். பாக்டரியிலிருந்து நேராக வராமல் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தால், வாசல்படியில் கால் வைக்கும்போதே தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி அடிக்கும். கட்டிக்கொண்டு இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் முந்தானையில் முடிந்துவிட்டாள் பார் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள். எப்ராயீமின் சட்டை வெளுப்பாக இருந்தது. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், மல்கா பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துத் தூக்கிக்கொண்டு, மீன்குழம்புச் சட்டியோடு கொல்லைவழியாகத் தம்பி வீட்டுக்குப் போனாள். எப்ராயீம் கிணற்றடியில் குளித்து முடித்துத் துண்டை எடுத்தான். உள்ளே மணி அடித்தது. அவன் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு மறுபடி இரண்டு வாளி இறைத்து ஊற்றினான். மணி நிற்கவில்லை. பெருமூச்சு விட்டபடி சோப்பை எடுத்துக் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தேய்த்தான். மணி நின்றது.

மல்கா குழம்புச் சட்டியைத் துவைகல்லின் மேல் வைத்தாள். இப்போதுதான் இடுப்பில் இருக்கிற பிள்ளையைத் திமிறத் திமிற அதே இடத்தில் தேய்த்துவிட்டு வந்திருந்தாள். புருஷன் ஈசாக்குக்குக் கழுத்துப்பட்டை எங்கும் அழுக்குதான், கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறாள், ஒருநாளாவது காதுக்குப் பின்னால் தேய் என்று சொல்லத் தோன்றியிருக்கிறதா? பெண்டாட்டி பார்க்கிற அழுக்கு வேறு. இது பெண்டாட்டி செய்கிற வேலையே இல்லை. சாப்பிட்டாயா, ஏன் நேரமாயிற்று, புகையை விடு, நன்றாகத் தேய். இதையெல்லாம் செய்கிறவள் யாரென்று ஊரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லையே என்று நினைத்தபோது, தனக்கும்தான் உறைக்கவில்லை என்று தோன்றிக் கண் கரித்தது. குழம்பின் காரம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே பிள்ளையோடு இரண்டு பஸ் மாறி மேலக்கூடலாற்றுக்குப் போய், வந்திருப்பது சக்களத்தி இல்லை மாமா, மாமியார் என்று ஷப்தாயிடம் மூச்சிரைக்கச் சொன்னாள்.

ஷப்தாய் முகம் இன்னும் இருண்டுவிட்டது. "மாமியார் இல்லாத வீடுன்னுதானே அம்மா நாங்க சம்மதிச்சதே."

மல்கா பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். அப்போது உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. சிப்போராள் நூலைப் பல்லால் கடித்தபடி வெளியே வந்தாள். தையலும் பேச்சும் ஒன்றாக ஓடுகிற பெண், மெஷின் நின்றாலும் பேச்சு நிற்காது.

"நீங்க ஏன் மதினி முழிக்கீங்க? மாமியார்னா நான் ஒரு தடவை நேரில பேசிப் பார்க்க வேண்டாமா? பேசாமலே எப்படிச் சண்டை போடுறது?"

மறுநாள் காலையில் அவள் அப்பாவோடு வந்து இறங்கினாள். ஷப்தாயை மல்காவின் வீட்டில் டீயோடு உட்கார்த்திவிட்டு, எப்ராயீமைப் பாக்டரிக்குப் போகச் சொல்லிவிட்டு, நேரே உள்ளே போய்த் தோராவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போகமாட்டேன் என்று சொல்ல நினைத்த எப்ராயீம், நாக்கு ஒட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே மல்காவின் பின்னால் நின்றான். தெருவில் பாதி அவன் பின்னால் நின்றது.

சிப்போராள் முதலில் தன் பெயர், ஊர், தைக்கத் தெரிந்தவை, ஆக்கத் தெரியாதவை எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மகனை நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், சட்டை வெளுப்பாக இருக்கிறது என்று பாராட்டினாள். தன் அம்மாவும் இப்படித்தான், போனபிறகுதான் தெரிந்தது என்றாள். மணிகள் அசையவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள், ஆனால் தாழ்ந்த குரலிலும் தெருவுக்குக் கேட்டது.

"அத்தை, அவர் தொடக்கத்தை வாசிச்சார்னு தேடி வந்தீங்க. சரி. அவர் வாசிச்சது முதல் அதிகாரம். அடுத்த அதிகாரத்துல என்ன இருக்குன்னு நான் சொல்லணுமா? ஆம்பிளைன்னா அப்பா அம்மாவை விட்டுட்டுப் பெண்டாட்டியோட போய் ஒண்ணாகணும்னு உங்க வயித்துக்குள்ளேதானே எழுதியிருக்கு? மாடியில உட்கார்ந்து வருஷா வருஷம் கேக்கிறவ நான். எனக்கே ஞாபகம் இருக்கு."

வாசலில் மூப்பர் எலியாகு, தாடியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் வாசித்தும் இது தோன்றவில்லையே என்ற முகத்தோடு நின்றார். உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. மல்கா தன் பிள்ளையின் வாயைக்கூட மெல்லப் பொத்தியிருந்தாள். இத்தனை நாள் ஓடியாடிப் பேசி முடித்த கல்யாணம் அந்த மௌனத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. கடைசியில் கிரீடத்தில் ஒரே ஒரு மணி, இருக்கிறதிலேயே சின்ன மணி, ஒருமுறை கிணுங்கியது.

"கல்யாணம் வரைக்கும் இருங்க," என்றாள் சிப்போராள். "உங்க நாற்காலி முன்வரிசையில. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

செவ்வாய்க்கிழமை கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா உட்கார வேண்டிய நாற்காலியில் தோரா பட்டுப்போர்வையோடு நின்றது. மல்கா தாலி கட்டும்போது முடிச்சு நழுவ, பதறினாற்போல் மணிகள் அடித்துக்கொண்டன, அவள் மறுபடி கட்டினாள். உலர்ந்த திராட்சையில் போட்ட ரசத்தைக் குடித்துவிட்டு சாசூனும் ரூபனும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். அன்றைக்கு எப்ராயீமின் வீட்டில் தோராதான் படுத்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மல்காவின் வீட்டில் இருந்தார்கள், மல்கா குடும்பம் பாத்துமுத்து வீட்டில் இருந்தது, இதில் யாருக்கும் ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை.

விடிந்ததும் சிப்போராள் தன் வீட்டுக்குக் குடிவந்தாள். வந்ததும் உப்பு ஜாடியை இடம் மாற்றினாள். கட்டிலைச் சன்னல் பக்கம் இழுத்தாள். தையல் மெஷினை வைக்க வெளிச்சமான இடம் தேடி, அறையிலேயே நல்ல இடம் தோரா நிற்கிற மூலைதான் என்று கண்டு, "அத்தை, கொஞ்சம் தள்ளிக்கிடுதீங்களா?" என்று கேட்டாள்.

சற்று நேரத்தில் தோரா வாசலுக்கு வந்தது. தெரு முழுக்க இரண்டு பக்கமும் கூடிவிட்டது. கோடியில் மூப்பர் ஜெபாலயத்தின் கதவை அகலத் திறந்து, பேழையைத் துடைத்து, கையில் மாலையோடு படியில் நின்றார். எப்ராயீம் ஓடிவந்து, யாரும் கேட்டிராத தெளிவான குரலில், "போகணுமா அம்மா?" என்றான். தோரா அவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, அவன் நெற்றி வெள்ளித்தகட்டில் பட்டது. பிறகு அது தெருவில் இறங்கி, ஜெபாலயம் இருக்கிற திசையில் நாலு முழம் போய், நின்று, பக்கத்து வீட்டுப் படியில் ஏறியது.

பாத்துமுத்துதான் முதலில் பேசினாள். மருமகளோடு ஒத்துப்போகாத மனுஷி மகள் வீட்டுக்குப் போகாமல் வேறே எங்கே போவாள் என்றாள். ஆமாம் என்று தெரு தலையாட்டியது. மூப்பர் மாலையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மல்கா வாசலை மறித்தாற்போல் நின்றுகொண்டிருந்தாள், பிள்ளை அவள் தோளில் எச்சில் வடித்தது. வீடு கூட்டவில்லை, அடுப்படியில் நேற்றைய பாத்திரம், உள்கொடியில் துணி. மணி ஒருமுறை அடித்தது, கண்டிக்கிற மாதிரி. அவள் விலகி வழிவிட்டாள், பிறகு ஓடிப்போய்க் கொடியிலிருந்த துணிகளை வாரி அடுக்களைக்குள் எறிந்தாள். தோரா உள்ளே போய், வாசலும் அடுக்களையும் தொட்டிலும் ஒன்றாகத் தெரிகிற மூலையில் நின்றது.

அவள் புருஷன் ஈசாக்கு அதைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், இருக்கிற ஒரே அறையைப் பார்த்தான். தன் தலையணையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோழிக்கூட்டுப் பக்கம் நடந்தான். கொல்லைக் கதவில் நின்று, எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்டு வை என்றான்.

மல்கா தோராவுக்குக் கேட்டுவிடாதபடி அவனருகே போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வந்த அன்னைக்கேவா அம்மாகிட்ட எப்போ போறீங்கன்னு கேக்கிறது?"